தொழிற்கூடம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எந்திரம், ஆள், தரம் ஆகிய மூன்றையும் பிணைத்தே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கி இங்கே தந்து விடையளிக்கிறோம்.

கேள்வி: பம்ப் உதிரிபாகங்களை மெஷினிங் செய்து தரும் சிறு கூடம் ஒன்றை நடத்துகிறேன். கடன் வாங்கி இரண்டு விஎம்சி (கணினி இயக்கும் செங்குத்து வெட்டு) எந்திரங்களை நிறுவினேன். ஆனால் பழைய எந்திரங்களில் இருந்த அதே அளவு ரிஜெக்‌ஷன் இன்றும் இருக்கிறது. இது எந்திரத்தின் குறையா, ஆட்களின் குறையா?
— சிறுதொழில் முனைவர், கணபதி, கோவை

பதில்: இரண்டுமாக இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். கழிக்கப்பட்ட பாகங்களை ஒரு வாரம் ஸ்கிராப்புக்கு அனுப்பாமல் ஒரு மேசையில் காரணவாரியாகப் பிரித்து அடுக்கி வையுங்கள். வார்ப்பிலேயே காற்றுக் குமிழ் இருந்தவை, உள்துளையை உருவாக்கும் கோர் நகர்ந்து சுவரின் கனம் ஒரு பக்கம் குறைந்தவை, அளவு தவறியவை, கையாளும்போது அடிபட்டவை என்று அவை தாமாகவே நான்கைந்து குவியல்களாகப் பிரியும். முதல் இரண்டு குவியல்கள் பெரிதாக இருந்தால், ஃபவுண்டரியில் பிறந்த குறையை விலையுயர்ந்த எந்திரத்தில் ஏற்றி, மின்சாரமும் டூலும் செலவழித்துக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்படியானால் பேச வேண்டிய இடம் உங்கள் கூடமன்று. வார்ப்பு தருபவரின் கூடம். குறையுள்ள பாகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, உங்கள் ஆபரேட்டரையும் அழைத்துக்கொண்டு அங்கே போங்கள்.

அளவு தவறிய குவியல் பெரிதாக இருந்தால், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரைப் பாருங்கள். பாகம் அமரும் முகத்தில் ஒரு சிறு உலோகத் துணுக்கு சிக்கியிருந்தாலும் எந்திரம் அதை அறியாது. சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில், தவறான பாகத்தை மிகத் துல்லியமாக வெட்டித் தரும். பழைய லேத்தில் நின்றவர் கைப்பட்ட உணர்விலேயே பாகம் சரியாக அமரவில்லை என்று அறிந்து நிறுத்தியிருப்பார். அந்த அறிவை எந்திரத்தோடு சேர்த்து வாங்க முடியாது. அந்த ஆளிடம் கேட்டு, ஃபிக்ஸ்சரில் காற்றடித்துத் துடைக்கும் ஒரு படியாகவோ, துணுக்கு தங்காத வடிவமாகவோ அதை மாற்ற வேண்டும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 480 நிமிட ஷிப்டில் செட்டிங், பிரேக்டவுன், பாகத்துக்காகக் காத்திருத்தல் என்று 120 நிமிடம் போனால் எஞ்சுவது 75 விழுக்காடு. மீதி நேரத்தில் எந்திரம் உரிய வேகத்தில் 80 விழுக்காட்டில் ஓடி, அதில் 90 விழுக்காடு பாகங்கள் தேறினால், மூன்றையும் பெருக்கக் கிடைப்பது 54 விழுக்காடு. அதாவது நீங்கள் கடன் கட்டும் எந்திரத்தில் ஏறத்தாழ பாதிதான் உங்களுக்காக வேலை செய்கிறது. மூன்றாவது எந்திரத்துக்கு விலை கேட்கும் முன் இந்த எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்காத தொழில்முனைவோர் இன்னும் ஏராளமாக இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம், அசெம்பிளி லைனில் ஆண்டான் கயிறு பொருத்தச் சொல்கிறது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் லைனை நிறுத்தலாம் என்றால் நாள் டார்கெட் என்னவாகும்? ஜப்பானியருக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்துமா?
— துணை உற்பத்தி மேலாளர், ஓசூர்

பதில்: கயிறு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். டொயோட்டா முறையில் கயிற்றை இழுத்தவுடன் லைன் நின்றுவிடுவதில்லை. விளக்கு எரிகிறது, ஓர் இசை ஒலிக்கிறது, குழுத் தலைவர் அந்த இடத்துக்கு விரைகிறார். வண்டி அந்தப் பணியிடத்தின் எல்லைக் கோட்டை அடையும்வரை லைன் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் குறை தீர்ந்துவிட்டால் குழுத் தலைவர் மீண்டும் இழுத்து அழைப்பை அணைத்துவிடுவார். தீராவிட்டால்தான் லைன் நிற்கும். பெரும்பாலான அழைப்புகள் நிறுத்தத்தில் முடிவதில்லை. ஆகவே அந்தக் கயிறு முதலில் உதவிக்கான அழைப்பு. நிறுத்தம் அதன் கடைசிப் படி.

இதன் வேர் மோட்டார் வாகனத்திலேயே இல்லை. டொயோடா சக்கிச்சி உருவாக்கி 1924இல் நிறைவு செய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். தறி நிற்காவிட்டால் குறையுள்ள துணி கெஜம் கெஜமாக வளர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆளைக் காவல் வைக்க வேண்டியிருக்கும். நின்றுவிடும் தறி என்பதால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டுக்கு அதன் உரிமையைப் பெற ஒப்பந்தம் செய்தது. சக்கிச்சியின் மகன் கிச்சிரோ தொடங்கிய மோட்டார் நிறுவனத்தில், நூற்பு நெசவு ஆலையிலிருந்து வந்த தைச்சி ஓனோ, தறிக்கு இருந்த அந்த நிற்கும் உரிமையை மனிதருக்கும் கொடுத்தார்.

‘ஜப்பானியருக்கு மட்டும்தானா?’ என்ற உங்கள் ஐயத்துக்கு, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் நடந்ததே விடை. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளுள் ஒன்று எனப் பெயர் பெற்றிருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள்கள் அங்கே சாதாரணம். தொழிலாளர்களின் குறைமனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. லைன் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பதே விதி. குறையோடு வண்டி நகர்ந்துபோய்க் கடைசியில் ரீவொர்க் மைதானத்தில் நிற்கும். 1982இல் அந்த ஆலை மூடப்பட்டது. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதே கட்டடத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கின. மோட்டார் தொழிலாளர் சங்கம் அதே சங்கம். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலையிழந்தவர்களே. எந்திரங்களும் உலகின் மிக நவீனமானவை அல்ல. இருந்தும் ஓரிரு ஆண்டுகளில் அந்த ஆலை தரத்தில் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகளோடு ஒப்பிடப்படும் நிலைக்கு வந்தது. வேலைக்கு வராதோர் விகிதம் மிகச் சிறிய அளவுக்குக் குறைந்தது.

மாறியவை சில. தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, லைனில் நின்று பயிற்சி பெற்றனர். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குழுவுக்கும், கயிறு இழுபட்டால் ஓடிவருவதையே முதற்பணியாகக் கொண்ட ஒரு தலைவர் இருந்தார். பல பத்துப் பிரிவுகளாக இருந்த வேலை வகைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைக்கப்பட்டன. மேலாளர்களுக்கென்று இருந்த தனி உணவுக்கூடமும் தனி வாகன நிறுத்தமும் எடுக்கப்பட்டன. எல்லாவற்றிலும் முக்கியமானது, வேறு வழியே இல்லாத நிலை வந்தாலன்றி ஆட்குறைப்புச் செய்வதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்து ஆலையின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தபோது அந்த வாக்கு சோதனைக்குள்ளாயிற்று. ஒருவரையும் அனுப்பாமல், அவர்களைப் பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைகளுக்கும் அமர்த்தினார்கள். தன் யோசனையால் ஓர் ஆளின் வேலை மிச்சமாகிறது என்றால் அந்த ஆள் தானாகவே இருக்கலாம் என்ற அச்சம் உள்ள இடத்தில் எவரும் யோசனை சொல்லமாட்டார் என்பதை அந்த நிர்வாகம் புரிந்துகொண்டிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் இதே குழுமுறையை லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலுள்ள தன் வேன் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோனபோது, அங்கே தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே அந்த நம்பிக்கை உருவாகவில்லை. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. நும்மியும் நிலைத்துவிடவில்லை. 2009இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலக, 2010 ஏப்ரலில் அதுவும் மூடப்பட்டது. நல்ல பணிப் பண்பாடு ஓர் ஆலையைச் சந்தையின் வீழ்ச்சியிலிருந்தும் உரிமையாளர்களின் முடிவுகளிலிருந்தும் காப்பாற்றிவிடும் என்று நான் எழுத மாட்டேன்.

உங்கள் லைனுக்கு வருவோம். கயிற்றைப் பொருத்தும் முன் இரண்டு ஏற்பாடுகளைச் செய்யுங்கள். ஒவ்வொரு ஏழெட்டு பேருக்கும், தனக்கென நிலையான பணியிடம் இல்லாத ஓர் ஆளை விடுவித்து வையுங்கள். விளக்கு எரிந்தும் ஒரு நிமிடத்துக்குள் எவரும் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாரும் இழுக்கமாட்டார்கள். அடுத்து, முதல் மாதத்தில் இழுத்தவர் யார் என்ற பட்டியல் எந்தக் கூட்டத்திலும் குற்றப்பட்டியலாக வாசிக்கப்படக் கூடாது. முதல் சில வாரங்களில் டார்கெட் குறையத்தான் செய்யும். அதை உங்கள் பொது மேலாளரிடம் முன்னதாகவே சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒப்புதல் கிடைக்காவிட்டால் கயிறு கட்டாமலிருப்பது மேல். கட்டிவிட்டு இழுத்தவரைக் கடிந்துகொள்வதைவிட அது நேர்மையானது.

கேள்வி: ஃபைவ் எஸ் (பணியிட ஒழுங்கு முறை) தணிக்கை வரும்போது மட்டும் தரையில் மஞ்சள் கோடு போடுகிறோம். இதில் பயனுண்டா?
— தர ஆய்வாளர், அம்பத்தூர்

பதில்: இல்லை. எந்தக் கருவியைத் தேடி உங்கள் ஆட்கள் தினமும் நடக்கிறார்களோ அந்த ஒன்றுக்கு மட்டும், அவர்களே தேர்ந்தெடுத்த இடத்தில் நிலையான ஓரிடம் அமையுங்கள். கோட்டைப் பிறகு போடலாம்.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்ப் பெண்களுமாகப் பணிபுரிகிறார்கள். யோசனைப் பெட்டி வைத்தோம். ஆறு மாதமாகியும் காலியாகவே இருக்கிறது. ஆட்களும் தங்குவதில்லை. என்ன செய்யலாம்?
— மனிதவள அலுவலர், திருப்பூர்

பதில்: பெட்டி எந்த மொழியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒடியாவிலோ இந்தியிலோ பேசும் ஒருவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட படிவத்தில், தன் சூப்பர்வைசர் கடந்துபோகும் இடத்தில் நின்று, எழுதிப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எழுத்து வராதவர் என்ன செய்வார்? யோசனையைப் பெட்டிக்குள் வரச் சொல்லாமல், லைன் சூப்பர்வைசர் வாரம் ஒருமுறை தையல் எந்திரத்தருகே போய், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரோடு, ‘இந்த ஆபரேஷனில் எது உங்கள் கையைத் தடுக்கிறது?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். டொயோட்டாவின் யோசனைத் திட்டம் 1951இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையைப் பார்த்து வந்தே அதைத் தொடங்கினார்கள். 1962இல் பேராசிரியர் இஷிகாவா கவோரு முன்னின்று பரப்பிய தரவட்டங்களில், தொழிலாளர்களே கூடிப் படித்து, கணக்கெடுத்து, தங்கள் பணியிடத்தின் குறையைத் தாங்களே தீர்த்தனர். அவ்விரண்டுக்கும் பொதுவான ஒன்று, சொன்ன யோசனைக்கு விரைவில் விடை கிடைத்ததுதான். ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தோடு ஒரு வாரத்துக்குள் விடை சொல்லுங்கள். முதல் மாதத்தில் வருபவை பெரும்பாலும் மின்விசிறி, குடிநீர், கழிப்பறை, இருக்கையின் உயரம் பற்றியவையாக இருக்கும். அவற்றை ‘உற்பத்திக்குத் தொடர்பில்லாதவை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றைச் செய்துகொடுத்த பிறகுதான் தையல் பற்றிய யோசனைகள் வரத் தொடங்கும்.

பீஸ் ரேட்டையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கைக்கே கூலி என்றால், கழுத்துப் பட்டையில் நூல் விட்டுப்போனதைக் கண்டவர் அதை நிறுத்திச் சொல்வது அவருக்கு நட்டம். அவர் தள்ளிவிடுவார், செக்கிங்கில் அகப்படும், திரும்ப வரும், பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. தரம் பற்றிய சுவரொட்டியை எத்தனை ஒட்டினாலும் கூலிமுறை சொல்வதையே கை கேட்கும். ஒரு லைனில் மட்டுமாவது, குழு முழுவதற்கும் தேறிய துணிகளின் எண்ணிக்கையில் ஊக்கத்தொகை என்று மாற்றிச் சோதித்துப் பாருங்கள்.

ஆடைத் தொழிலில் தொழிலாளியின் சொல் கேட்கப்படாததன் விலையை நாம் அறிவோம். 2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் காலை, தயங்கி வெளியே நின்ற ஆடைத் தொழிலாளர்கள் உள்ளே போகச் செய்யப்பட்டனர். கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் பன்னாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு ஏற்றுக்கொண்டது.

நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2021இல் திண்டுக்கல் பகுதியில் ஆடை ஆலையில் பணிபுரிந்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2022இல் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை உரிமையாளர், வெளிநாட்டு வணிக நிறுவனங்கள் ஆகிய தரப்புகள் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. பெண்கள் மீதான தொல்லைகளைக் கண்டறிந்து முறையிட, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி தர அது வகை செய்தது. முறையிட்டவரைப் பழிவாங்குவதற்கு எதிராகப் பாதுகாப்பும் அதில் உண்டு. உங்கள் நிறுவனத்தில் ஆட்கள் ஏன் தங்குவதில்லை என்ற கேள்விக்குக் கூலி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வேலையை விட்டுப் போனவர்களில் சிலரை, சூப்பர்வைசர் உடன் இல்லாமல், அவர்கள் மொழியில் பேசும் பெண் ஊழியர் ஒருவரைக் கொண்டு விசாரித்துப் பாருங்கள். லைனில் அவர்களைக் கூப்பிடும் முறை, திட்டும் முறை, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டிய முறை ஆகியவற்றையும் அவர்கள் சொல்வார்கள். அவையெல்லாம் உங்கள் அதிகாரத்துக்குள்ளேயே மாற்றக்கூடியவை.

கேள்வி: பவர் பிரஸ் கூடத்தில் ஃபோர்மேனாக இருக்கிறேன். பாதுகாப்பு மறைப்பைப் போட்டால் எண்ணிக்கை குறைகிறது என்று கழற்றிவைக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கழற்றாதீர்கள். உங்கள் கையால் கழற்றப்படும் மறைப்புக்குப் பின்னால் இன்னொருவரின் விரல்கள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, ஓடும் எந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்கு உறுதியான மறைப்பைக் கட்டாயமாக்கியது. முதலாளி சொன்னார் என்பதற்காக அந்தக் கடமை இல்லாமல் போய்விடாது.

மறைப்பால் எண்ணிக்கை குறைவது உண்மையாகவும் இருக்கலாம். கையை டைக்குள் (அச்சுக்குள்) நுழைத்துப் பாகத்தை வைத்தெடுக்கும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு மறைப்பை மட்டும் சேர்த்தால் வேலை தடைபடத்தான் செய்யும். பாகத்தைச் சறுக்கி உள்ளே விடும் தடம், காற்றடித்து வெளியேற்றும் அமைப்பு, காந்த இடுக்கி ஆகியவற்றால் கை உள்ளே போக வேண்டிய தேவையையே நீக்குங்கள். மிதிபெடலை எடுத்துவிட்டு, இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் இறங்கும் இரட்டைப் பொத்தானையும், கிளட்ச் வகை அனுமதிக்கும் இடத்தில், கை குறுக்கிட்டால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரையையும் பொருத்துங்கள். சாவி வகை கிளட்ச் உள்ள பழைய பிரஸ்ஸை இடையில் நிறுத்த முடியாது என்பதால் அதற்கு ஒளித்திரை பயன்படாது; அத்தகைய பிரஸ்ஸுக்கு முழு மறைப்பே வழி. இந்த ஏற்பாடுகளுக்குப் பிறகு பல வேலைகளில் எண்ணிக்கை முன்பைவிடக் கூடவும் செய்யும். பயமின்றி நிற்கும் ஆளின் கை சீராக ஓடும்.

மேலிடத்தில் பேச உங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவை என்றால், அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவைச் சொல்லுங்கள். 1987இல் தலைமைப் பொறுப்பேற்ற பால் ஓ’நீல், இலாபத்தைப் பற்றிப் பேசாமல், ஒரு தொழிலாளிகூட அடிபடக் கூடாது என்பதையே தன் முதல் இலக்காக அறிவித்தார்; முதலீட்டாளர்கள் திகைத்தனர். எவருக்கேனும் காயம் பட்டால், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும், மீண்டும் நிகழாமலிருக்கும் திட்டத்தோடு தெரிவிக்க வேண்டும் என்றார். பிரிவுத் தலைவர் அவ்வளவு விரைவாக அறிய வேண்டுமானால் ஷிப்டில் இருப்பவர் அஞ்சாமல் உடனே சொல்ல வேண்டும். காரணம் தெரிய வேண்டுமானால் எந்திரத்தின் இயக்கம் முழுதும் புரிய வேண்டும். பாதுகாப்புக்காகத் திறந்த அந்த வழியிலேயே தரமும் செலவும் பற்றிய செய்திகளும் மேலே வந்தன. வேலைநாள் இழக்கச் செய்யும் காயங்கள் 100 தொழிலாளருக்கு ஆண்டொன்றுக்கு 1.86 என்ற அளவிலிருந்து 0.2 அளவுக்கு இறங்கின. அதே காலத்தில் நிறுவனத்தின் இலாபமும் பன்மடங்கானது.

கேள்வி: எங்கள் ஆலையில் ஒவ்வொரு பணியிடத்துக்கும் மேல் கேமரா வைத்து, கணினி எங்கள் கை அசைவை நொடிக் கணக்கில் அளக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். மேம்பாட்டுக்காகவே என்று நிர்வாகம் சொல்கிறது. எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.
— பெண் ஆபரேட்டர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. நிறுத்துகடிகாரத்தோடு ஒருவர் தொழிலாளியின் பின்னால் நிற்பது நூறாண்டுப் பழக்கம். அதைக் கண்டு தொழிலாளி மெதுவாகச் செய்து காட்டுவதும் அதே அளவு பழையது. நான் முன்னே சொன்ன நும்மி ஆலையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே நிறுத்துகடிகாரம் ஒழிக்கப்படவில்லை. தொழிலாளர் குழுவின் கைக்கு மாற்றப்பட்டது. குழுவினர் ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, எந்த முறை எளிதாகவும் பாதுகாப்பாகவும் விரைவாகவும் இருக்கிறது என்று ஒப்பிட்டு, தங்கள் வேலைமுறையைத் தாங்களே எழுதினர். பிற ஷிப்டினரோடும் பேசி ஒத்துக்கொண்டனர். முன்பு பொறியாளர் எழுதிக் கொடுத்து எவரும் பின்பற்றாத தாள், இப்போது தாங்களே எழுதியதால் பின்பற்றப்பட்டது. அளவீடு அங்கும் இருந்தது. யாருக்காக அளக்கிறோம் என்பதுதான் மாறியது.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்கத் தகுந்தவை இவை: பதிவாகும் எண்களை நாங்களும் பார்க்க முடியுமா? அவற்றைக் கொண்டு ஒருவரின் சம்பளம் பிடிக்கப்படுமா, அவருக்கு மெமோ தரப்படுமா? பாகம் வராமல் காத்திருந்த நேரமும், டூல் மழுங்கியிருந்த நேரமும் எங்கள் கணக்கில் ஏறுகிறதா? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே, நூறு பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில், தொழிலாளர் உறுப்பினர்கள் நிர்வாகத் தரப்பினரைவிட எண்ணிக்கையில் குறையாத பணிக்குழுவுக்கு வழி வகுத்தது. தனியாகக் கேட்காமல் அத்தகைய குழுவின் வழியாகவோ சங்கத்தின் வழியாகவோ கேளுங்கள்.

இதே பத்தியைப் படிக்கும் மேலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டிக்கப் பயன்படும் எண் விரைவில் பொய் எண்ணாகிவிடும். அந்தப் பொய்யில் பயிற்சி பெறும் கணினி உங்களுக்கு என்ன சொல்லித் தரும்? ஃப்ரீமாண்டின் அதே கட்டடத்தை 2010இல் வாங்கிய டெஸ்லா, மாடல் 3 காருக்காகத் தானியங்கி எந்திரங்களையும் சிக்கலான கன்வேயர் வலைப்பின்னலையும் நிரப்பியது. உற்பத்தி இலக்கை எட்ட முடியாமல் திணறிய பின், 2018 ஏப்ரலில் ஈலோன் மஸ்க், அளவுமீறித் தானியக்கத்தை நம்பியது தவறு என்றும், மனிதரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; அந்தக் கன்வேயர்கள் அகற்றப்பட்டன. நான் எந்திரத்துக்கு எதிரி அல்லன். பெயின்ட் புகையிலும் உலை வெப்பத்திலும் கனமான பாகங்களைத் தூக்கும் இடத்திலும் ரோபோ வருவதை முழுமனதோடு வரவேற்கிறேன். வேலையை நன்கு அறிந்தவரைக் கேட்காமல் அந்த வேலையைத் தானியக்கம் ஆக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: டெமிங் பரிசு (தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படுவது), தர மேலாண்மை என்பவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே? 20 பேர் வேலை செய்யும் எங்கள் கூடத்துக்கு இவற்றால் என்ன?
— சிறு கூட உரிமையாளர், திருமுடிவாக்கம்

பதில்: பரிசு பெரிய நிறுவனங்களுக்கு எளிது என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதையை இந்தியாவில் முதலில் முடித்தது, உங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்திலுள்ள பாடியில்தான். சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் முதன்முதலாக அதைப் பெற்றது அந்தப் பிரிவே. 2002இல் டிவிஎஸ் மோட்டாரும், பின்னர் ரானே குழும நிறுவனங்களும் பெற்றன. இந்த நிறுவனங்களுக்குப் பாகங்கள் செய்து தந்த கூடங்கள் பலவும் உங்கள் கூடத்தைப் போன்றவை. பெரிய நிறுவனத்தின் தரம், அதற்குப் பாகம் தருபவரின் தரத்தைத் தாண்டிப் போக முடியாது.

உங்களுக்கான பாடம் பரிசில் இல்லை. செலவில்லாத இரண்டு உத்திகளில் இருக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ 1961இல் யமடா எலக்ட்ரிக் ஆலையில் கண்ட சிக்கல் இது: ஒரு சிறு ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங்குகள் வைக்க வேண்டும்; சில சமயம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். கவனமாக இருங்கள் என்று திட்டிப் பயனில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பொருத்தச் சொன்னார். முடித்த பின் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்தது உடனே தெரிந்துவிடும். குறை தீர்ந்தது, ஒருவரும் அவமதிக்கப்படவுமில்லை. அதே ஷிங்கோ, 1969இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் நான்கு மணி நேரம் எடுத்த டை மாற்றத்தை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பின்னர் மூன்று நிமிடமாகவும் குறைக்க வழி கண்டார். எந்திரம் ஓடும்போதே செய்யக்கூடிய வேலைகளை (அடுத்த டையை எடுத்து வருதல், போல்ட்டுகளைத் தேடுதல், உயரம் சரிபார்த்தல்) எந்திரம் நின்ற பிறகே செய்யக்கூடிய வேலைகளிலிருந்து பிரித்தெடுப்பதே அதன் முதல் படி.

உங்கள் கூடத்தில் அடுத்த செட்டிங்கை, அதைச் செய்பவரின் ஒப்புதலோடு, கைப்பேசியில் முழுதாகப் படம்பிடியுங்கள். மாலையில் அவரையும் மற்ற ஆட்களையும் உட்காரவைத்து, தேநீரோடு பாருங்கள். நீங்கள் பேச வேண்டாம். எங்கே நடந்தோம், எதைத் தேடினோம், எதற்குக் காத்திருந்தோம் என்று அவர்களே சொல்வார்கள். செட்டிங் நேரம் குறைந்தால் சிறு சிறு தொகுதிகளாகச் செய்ய முடியும். கூடத்தில் 600 பாகங்கள் பாதி வேலையில் கிடக்க, நாளொன்றுக்கு 100 வெளியேறினால், இன்று உள்ளே வரும் பாகம் வெளியேற ஆறு நாள் ஆகும். கிடப்பில் இருப்பதை 200 ஆக்கினால் இரண்டே நாள். முதலீடும் அந்த அளவுக்குக் குறைவாக முடங்கும். வெளி ஆலோசகரின் துணை வேண்டுமென்றால் மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்துறை அமைச்சகம் நடத்தும், வீணாவதைக் குறைப்பதற்கான லீன் திட்டமும் தரத்துக்கான ஜெட் சான்றிதழ்த் திட்டமும் இருக்கின்றன. 2022இல் புதுப்பித்துத் தொடங்கப்பட்ட ஜெட் திட்டத்தில் சான்றிதழ்ச் செலவில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 விழுக்காடு மானியம் என்று அறிவித்தார்கள். விண்ணப்பிக்கும் முன் நடப்பு விகிதங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலோசகர் வரும் நாளில், அலுவலக அறையில் அவரை உட்காரவைக்காமல், அந்தச் செட்டிங்கைச் செய்த ஆளிடமே முதலில் அழைத்துப் போங்கள்.